குழுவுக்குள் மோதல்: காத்திருந்தால் தீருமா?

வாசகர் கேள்வி: எங்கள் நிறுவனத்தின் பழைய கணக்குப் பதிவு மென்பொருளை நீக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவரும் 7 மாதத் திட்டத்துக்கு என்னைத் தலைவராக நியமித்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்து 9 பேர். மூன்று துறைகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலர் சென்ற ஆண்டு வரை என்னோடு சமநிலையில் வேலை பார்த்தவர்கள். முதல் மாதம் எல்லாரும் இணக்கமாக இருந்தோம். இப்போது மூன்றாம் மாதம் முடியப்போகிறது. ஒவ்வொரு கூட்டமும் வாக்குவாதத்தில்தான் முடிகிறது. பழைய தரவுகளை ஒரே நாளில் மாற்றுவதா, துறை துறையாக மாற்றுவதா என்பதில் அனுபவம் மிக்க இருவர் எதிரெதிராக நிற்கிறார்கள். சிலர் பக்கம் பிரிந்துவிட்டார்கள். இருவர் வாயே திறப்பதில்லை. மேலாளரிடம் சொன்னேன். "இது ஸ்டார்மிங் கட்டம், எல்லா டீமுக்கும் வரும், தானாகச் சரியாகிவிடும்" என்றார். நான் காத்திருக்கலாமா? தொடக்கத்திலேயே கண்டிப்பாக இருந்திருக்க வேண்டுமா? அடுத்த மாதம் புதிதாக இருவர் சேரப்போகிறார்கள். அதனால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குமா?

ஆலோசனை: உங்கள் முதல் கேள்விக்கான விடையை நேராகச் சொல்லிவிடுகிறேன், மற்ற இரண்டுக்கும் அதிலிருந்துதான் போக வேண்டியிருக்கிறது. காத்திருக்க வேண்டாம். உங்கள் மேலாளர் சொன்னதில் பாதி சரி. கூடி வேலை செய்யும் ஒரு குழு இப்படியொரு கட்டத்துக்கு வருவது இயல்புதான். ஆனால் அங்கே வந்து சேர்ந்த குழு தானாகவே வெளியேறிவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கடைசி நாள் வரை பூசலிலேயே கிடந்து, அரைகுறையாக எதையோ ஒப்படைத்துவிட்டுக் கலைந்த குழுக்களை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள்.

மேலாளர் சொன்ன அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், சிறு குழுக்களின் வளர்ச்சியைப் பற்றி அதுவரை வெளியாகியிருந்த 50 கட்டுரைகளைப் படித்துத் தொகுத்து, 1965-இல் ஒரு வரிசையை முன்வைத்தார். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் தொடக்கக் கட்டம், எதிர்ப்பும் பூசலும் தலைதூக்கும் மோதல் கட்டம் (உங்கள் மேலாளர் சொன்ன 'ஸ்டார்மிங்' இதுதான்), நடைமுறைகளில் ஒத்துப்போகும் இணக்கக் கட்டம், கவனம் முழுவதும் வேலையில் இறங்கும் செயல் கட்டம் என்று அது போகும். 1977-இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து அதை மறுபடி ஆராய்ந்தபோது, குழு கலையும் கட்டத்தை ஐந்தாவதாகச் சேர்த்தார். பயிற்சி வகுப்புகளில் இந்த ஐந்தையும் படம் போட்டுக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு: அவர் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை உளச்சிகிச்சைக் குழுக்களையும் மனித உறவுப் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அத்தகைய குழுக்களில் உறுப்பினர்களுக்கு இடையிலான உறவுதான் வேலையே. உங்கள் குழுவுக்கோ ஒப்படைக்க வேண்டிய பொருளும், தவறவிடக் கூடாத தேதியும், கேள்வி கேட்கும் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆகவே அந்த வரிசை, நடந்துகொண்டிருப்பதற்கு ஒரு பெயர் கொடுக்க உதவும்; அடுத்தது எப்போது நடக்கும் என்பதை அதை வைத்துக் கணிக்க முடியாது.

இப்போது உங்கள் குழுவுக்கு வருவோம். முதல் மாதம் இருந்த ஒற்றுமை மூன்றாம் மாதம் கெட்டுவிட்டது என்று உங்கள் கடிதம் கருதுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் மாதத்தில் உங்களிடம் இருந்தது மரியாதைதானே தவிர ஒற்றுமை இல்லை. யாருக்கும் இழப்பு தரக்கூடிய எந்த முடிவும் அப்போது எடுக்கப்படவில்லை என்பதால் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ள வேண்டிய தேவையும் எழவில்லை. வேலை தீவிரமானதும், விடை சொல்லப்படாமலேயே விடப்பட்டிருந்த கேள்விகள் மேலே வந்துவிட்டன. எந்த முடிவை யார் எடுப்பது? எதை அளவுகோலாக வைத்து எடுப்பது? எடுத்த முடிவோடு உடன்படாதவர் அதை எங்கே, எப்படிச் சொல்வது? நேற்று வரை எங்களில் ஒருவராக இருந்தவர் இன்று எதுவரை எங்களுக்குத் தலைவர்? மோதல் கட்டம் என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகள் வேறு வேடத்தில் வெளிப்படுவதுதான். அவற்றுக்கு விடை கிடைக்கும்போது மோதல் தணிகிறது. விடை கிடைக்காவிட்டால் நாட்கள் மட்டும் கடந்து போகும்.

தரவு மாற்றத்தைப் பற்றிய அந்தச் சண்டையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் உங்கள் திட்டத்தின் போக்கு அதில்தான் இருக்கிறது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரே நாளில் மாற்றினால் இரண்டு மென்பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டியதில்லை. ஒரே பதிவை இரண்டு இடத்தில் போட்டு, மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் தொல்லை கிடையாது. ஆனால் அன்றைக்கு ஏதேனும் பிசகினால் நிறுவனம் முழுவதும் நின்றுபோகும். துறை துறையாக மாற்றினால் பிழை ஒரு துறையோடு அடங்கும். ஆனால் இரட்டை வேலை மாதக்கணக்கில் நீளும், அதைச் சுமக்கப்போவது தொழில்நுட்பத் துறையினர் இல்லை, கணக்குத் துறையினர். அந்த இருவரும் எந்தத் துறையிலிருந்து வந்தவர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிப்பது இதுதான்: ஒவ்வொருவரும் தம் துறைக்கு வரப்போகும் வலியைத் தடுக்கப் பார்க்கிறார், அதைத் துறையின் வலி என்று வெளிப்படையாகச் சொல்லாமல் தொழில்நுட்ப நியாயமாகப் பேசுகிறார்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் அதே வாக்குவாதத்தை மறுபடியும் ஓடவிடாதீர்கள். அதற்கு முன்னதாக இருவரையும் தனித்தனியே சந்தித்து, ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "உங்கள் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம், அது எந்தச் சூழ்நிலையில் தோற்றுப்போகும்?" தம் வழியின் பலவீனத்தைத் தாமே சொல்லச் சொல்லும்போது, எதிராளியின் முன்னால் விட்டுக்கொடுத்தது போல் ஆகாது என்பதால், அனுபவசாலிகள் பெரும்பாலும் நேர்மையாகவே பதில் சொல்வார்கள். பிறகு, ஒவ்வொருவரும் மற்றவருடைய வாதத்தை அவர் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குச் சரியாக அரைப் பக்கத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். இது விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் எழுத முடியாமல் திணறும் இடத்தில்தான் அவர் இதுவரை காது கொடுத்துக் கேட்காத பகுதி இருக்கிறது.

அடுத்து, எந்த வழி என்பதைப் பேசுவதற்கு முன்பே அளவுகோல்களைக் குழு முழுவதும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பிசகினால் எத்தனை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும்? எத்தனை நாள் வரை இரட்டைப் பதிவைக் கணக்குத் துறை தாங்கும்? மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நாட்களில் மாற்றம் நடக்கலாமா? இவற்றுக்கு எண்களாக விடை வந்த பிறகு, பழைய தரவின் ஒரு நகலை எடுத்துச் சோதனை ஓட்டம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முழுத் துறையின் தரவு மாறுவதற்கு எவ்வளவு நேரமாகிறது, எத்தனை பதிவுகள் பொருந்தாமல் நிற்கின்றன என்பது தெரிந்துவிட்டால், வாதத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். மீதி இருப்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் எந்தத் தேதியில், யாரால் எடுக்கப்படும் என்பதை இப்போதே அறிவித்துவிடுங்கள். தீர்மானத்தோடு அதன் காரணத்தையும், எது நடந்தால் அதை மறுபரிசீலனை செய்வோம் என்பதையும் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். தோற்ற தரப்புக்கு இந்தக் கடைசி வரி முக்கியம்: தம் அச்சம் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தவர், அதை ஒவ்வொரு கூட்டத்திலும் மறுபடி எழுப்ப வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருத்து மோதல் குழுவுக்கு நல்லது, அதை ஊக்குவிக்க வேண்டும் என்று மேலாண்மை வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். டி ட்ரூ, வைன்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆட்களுக்கு இடையிலான பகைமை மட்டுமல்லாமல், வேலையைப் பற்றிய கருத்து மோதலும் குழுவின் செயல்திறன் குறைவதோடு தொடர்புடையதாகவே தெரியவந்தது. 2012-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு இதைச் செம்மைப்படுத்தியது: கருத்து மோதல் ஆள் பகையோடு பின்னிக்கொள்ளாமல் இருக்கும் குழுக்களில் அந்தப் பாதிப்பு குறைவு. உங்கள் குழுவில் பக்கம் பிரிந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; அதாவது பின்னிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. நான் காத்திருக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் முதன்மைக் காரணம். "அவர் எப்போதுமே இப்படித்தான்" என்ற வாக்கியம் உங்கள் கூட்டங்களில் காதில் விழுந்தால், தரவைப் பற்றிய பேச்சு ஆளைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது என்று பொருள். அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தி, கேள்விக்குத் திருப்புங்கள்.

வாய் திறக்காத இருவரைப் பற்றி உங்கள் கடிதம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. எனக்கோ சண்டையிடும் இருவரைவிட அவர்களைப் பற்றித்தான் கவலை அதிகம். சத்தமாக மாறுபடுகிறவர் இன்னும் குழுவுக்குள் இருக்கிறார். பேச்சை நிறுத்தியவர் ஏற்கெனவே ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். ஒரு கேள்வி கேட்டாலோ தவறைச் சுட்டிக்காட்டினாலோ அவமானப்பட நேராது என்ற நம்பிக்கை இருக்கும் குழுக்களே பிழைகளைப் பேசித் திருத்திக்கொள்கின்றன என்பதை ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-இல் காட்டினார். அந்த நம்பிக்கையை, "தயங்காமல் பேசுங்கள்" என்று கூட்டத்தில் சொல்வதால் உண்டாக்க முடியாது. கூட்டத்துக்கு முந்தைய நாள் எல்லாரிடமும் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். அவற்றைப் பெயர் சொல்லாமல் வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் மட்டும் சொல்லுங்கள். பேசாதவரைக் கூட்டத்தின் நடுவில் பெயர் சொல்லி அழைத்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் கொடுமை. அதைத் தவிருங்கள். அவர்களைத் தனியே சந்தியுங்கள். அவர்கள் சொல்வதில் ஒன்றையாவது நீங்கள் நடைமுறைப்படுத்தினால், அடுத்த முறை அவர்களே பேசுவார்கள்.

கண்டிப்பாக இருந்திருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கண்டிப்பின்மை இங்கே குறையாகத் தெரியவில்லை, தெளிவு இல்லாமல் போனதுதான் குறை. பழைய சகாக்களுக்குத் தலைவராகும்போது பலரும், அதிகாரம் காட்டுவதாக நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, தொடக்கத்தில் எல்லாவற்றையும் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். பூசல் வந்த பிறகு பதறிப்போய் ஒவ்வொரு சிறு வேலையிலும் கை வைக்கிறார்கள். இருக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் இலக்கு, பொறுப்பு, முடிவெடுக்கும் முறை ஆகியவற்றைத் தலைவர் தாமே வரையறுத்துத் தர வேண்டும். அப்போது யாரும் அதை ஆதிக்கமாகப் பார்ப்பதில்லை, ஏனெனில் எல்லாருக்கும் அது தேவையாக இருக்கிறது. மோதல் வரும்போது வேலையின் உள்ளே புகாமல், வாதம் நடக்கும் முறையை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இணக்கம் வரத் தொடங்கியதும் ஒவ்வொரு பொறுப்பாகக் கைமாற்ற வேண்டும். செயல் கட்டத்தில் குழுவுக்கு வெளியிலிருந்து வரும் இடையூறுகளைத் தடுப்பதே தலைவரின் பெரும்பாலான வேலை. முதல் படியைத் தாமதமாகச் செய்வதில் தவறில்லை. பழைய சகாக்களிடம் தனியாக, "இன்னின்ன முடிவுகள் என் பொறுப்பு, இன்னின்னவை உங்கள் பொறுப்பு, என் முடிவு தவறென்றால் என்னிடம் நேரே சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு முறை தெளிவாகப் பேசிவிடுங்கள். விளக்கமோ மன்னிப்புத் தொனியோ வேண்டாம்.

குழுவுக்கான விதிகளைப் பற்றி நிறைய எழுதலாம். சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். மற்ற இடங்களிலிருந்து எடுத்த விதிப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். உங்கள் குழுவுக்கே நேர்ந்த தொல்லையிலிருந்து பிறந்த மூன்று, நான்கு விதிகள் போதும். "எழுதி அனுப்பப்பட்ட முடிவே முடிவு, நடைபாதையில் பேசியது முடிவாகாது" என்பது உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: அடுத்த மாதம் கூட்டங்கள் திடீரென்று அமைதியாகிவிட்டால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். வாதம் தீர்ந்ததால் வந்த அமைதியா, வாதம் உங்களுக்குத் தெரியாத தனி அரட்டைக் குழுக்களுக்கு இடம்பெயர்ந்ததால் வந்த அமைதியா என்று பாருங்கள். கெட்ட செய்தி உங்களை வந்தடைய முன்பைவிட நாளாகிறது என்றால் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது.

உங்கள் மேலாளர் குறிப்பிடாத, ஆனால் உங்களுக்கு மிகவும் சாதகமான ஒரு செய்தி இருக்கிறது. கோனி கெர்சிக் என்ற ஆய்வாளர், வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் இயங்கிய 8 திட்டக் குழுக்களைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்ந்து, 1988-இல் எழுதினார். சில நாட்களே இயங்கிய குழுவும் அவற்றில் உண்டு, பல மாதங்கள் இயங்கிய குழுவும் உண்டு. அவை டக்மன் சொன்ன படிகளில் ஒவ்வொன்றாக ஏறவில்லை. ஒவ்வொரு குழுவும் முதல் கூட்டத்திலேயே ஒரு போக்கைப் பிடித்துக்கொண்டு, தனக்குக் கிடைத்த காலத்தில் ஏறக்குறைய பாதி கழியும் வரை அதிலேயே போனது. பாதியை எட்டியபோது, நேரம் குறைகிறது என்ற உணர்வு வந்து, பழைய முறைகளை உதறிவிட்டுப் புதிய வழிக்கு மாறியது. உங்கள் திட்டம் 7 மாதம். மூன்றாம் மாதம் முடிகிறது. அந்தப் பாதிப் புள்ளிக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கி, வழக்கமான நிலவரக் கூட்டமாக இல்லாமல், "இதுவரை வந்த முறையிலேயே போனால் ஏழாம் மாதக் கடைசியில் எங்கே இருப்போம்?" என்ற ஒரே கேள்விக்காக ஒரு கூட்டம் வையுங்கள். வேறு எந்த நாளிலும் கிடைக்காத மனத் திறப்பு அன்றைக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. நான் மேலே சொன்ன சோதனை ஓட்டத்தின் முடிவுகள் அந்த நாளில் மேசை மேல் இருக்க வேண்டும். தரவு மாற்றத்தைப் பற்றிய தீர்மானத்தையும் அன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்த மாதம் வரப்போகும் இருவரால் எல்லாம் முதலிலிருந்து தொடங்காது. ஆனால் கொஞ்சம் பின்னோக்கிப் போகத்தான் செய்யும். கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும்: 9 பேருக்குள் 36 இணைகள், 11 பேர் ஆனால் 55. இரண்டு பேரைச் சேர்க்கிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் 19 புதிய உறவுகளைச் சேர்க்கிறோம். அவர்கள் வருவதற்குள் தரவுத் தீர்மானம் முடிந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். முடியாமல் கிடந்தால், வந்த முதல் வாரத்திலேயே இரு தரப்பும் அவர்களைத் தம் பக்கம் இழுக்கும். எழுதி வைத்த முடிவுகளையும் காரணங்களையும் முதல் நாளே படிக்கக் கொடுங்கள். எந்தப் பக்கமும் சாயாத ஒருவரை அவர்களுக்கு வழிகாட்டியாக வையுங்கள். பேசாமல் இருக்கும் அந்த இருவரில் ஒருவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். முதல் வாரத்திலேயே முடிக்கக்கூடிய, சிறியதே ஆனாலும் உண்மையான ஒரு வேலையைத் தாருங்கள். அவர்கள் குழுவுக்குப் பழகிப்போவதற்கு முன்பாக, "இங்கே எது உங்களுக்குப் புரியவில்லை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கும் எல்லாம் இயல்பாகத் தெரியத் தொடங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: கடைசிக் கட்டம். மூன்று துறைகளிலிருந்து வந்தவர்கள் ஆறாம் மாதத்திலேயே, அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். உடல் இங்கே, மனம் அங்கே. புதிய மென்பொருளை யார் பராமரிப்பது, யார் எந்தத் தேதியில் தம் துறைக்குத் திரும்புவது என்பதை ஐந்தாம் மாதத்திலேயே துறைத் தலைவர்களோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் ஆள் உருவப்படுவதால் நின்றுபோகும் திட்டங்கள், சண்டையால் நின்றுபோகிறவற்றுக்குக் குறைந்தவை இல்லை.

இவ்வளவையும் தொடங்குவதற்கு முன், இந்த வாரமே மேலாளரை மறுபடி சந்தியுங்கள். குழுவுக்குள் சண்டை என்ற புகாரோடு போனால் முன்பு சொன்ன பதிலே திரும்பக் கிடைக்கும். மூன்று கோரிக்கைகளோடு போங்கள்: தரவு மாற்ற முறையைத் தீர்மானிக்கும் அதிகாரம் உங்களுடையது என்று மூன்று துறைத் தலைவர்களுக்கும் அவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சோதனை ஓட்டத்துக்கு ஒரு வார நேரமும் பழைய தரவின் நகலும் வேண்டும், புதியவர்கள் இருவரும் பாதிப் புள்ளிக் கூட்டம் முடிந்த பிறகே சேர வேண்டும். இவற்றில் முதலாவதை அவர் தர மறுத்தால், அந்தத் தீர்மானத்தை யார் எடுக்கப்போகிறார் என்ற பெயரையாவது அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அந்த நபரைப் பாதிப் புள்ளிக் கூட்டத்துக்கு அழைத்துவிடுங்கள்.